மிகையான மூன்றாம் இணைப்பு

உதகைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையே போதும், ஆய்வாளரே. அதன்மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு திரிபவர்களைக் கண்டால் எனக்கு நகைப்புத்தான் வரும். மிகையானதை எங்கும் பொறுப்பவன் அல்லேன். பாலிடெக்னிக்கில் தருக்கச் சுற்றுகள் கற்பித்த காலம் முழுவதும், தருக்கக் கோவையைக் குறைந்த உறுப்புகளாகச் சுருக்கத் தெரியாதவனுக்கு நான் மதிப்பெண் வழங்கியதில்லை.

நடுவட்டத்துத் தேயிலை ஆலையில் மின்பொறியாளராக இருக்கும் கெஸியா என் பழைய மாணவி. இலை நறுக்கும் உருளைக்கு அவள் அமைத்த பாதுகாப்புச் சுற்றைப் பார்வையிட முதலாளி என்னை அழைத்தார். உருளையைக் கைமுறைக்கும் தானியங்கி முறைக்கும் மாற்ற ஒரு ஸ்விட்ச் உண்டு. கைமுறையில், பூட்டுப் போட்டிருந்தால் உருளை நிற்க வேண்டும். தானியங்கி முறையில் கதவு திறந்திருந்தால் நிற்க வேண்டும். இவ்விரண்டு இணைப்புகளே போதும். அவளோ, பூட்டும் போட்டுக் கதவும் திறந்திருந்தால் எம்முறையிலும் நிற்குமாறு மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருந்தாள். முதலிரண்டில் அடங்கியதை மீண்டும் எழுதுவது முதலாண்டு மாணவனின் பிழை.

“இதைக் கழற்றிவிடு, அம்மா” என்றேன்.

“வேண்டாங்க சார். சுத்தம் பண்ணி முடியறதுக்குள்ளயே இவிங்க ஸ்விட்சைத் திருப்பிருவாங்க. திருப்பற நேரத்துல ரெண்டு லைனும் ஒரு நொடி விட்டுப்போயி உருளை உதறுமுங்க.”

“சுருக்கியது சரியா, தவறா? அதைச் சொல்.”

“பேப்பர்ல சரிங்க சார். பேப்பருக்குள்ள யாரும் கையை உடமாட்டாங்கல்ல.”

உருளை துலக்கும் தெய்வம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “வாத்தியாரய்யா, ஒருவாட்டி நீங்களே கைய உட்டுப் பாருங்களேன்.” தொழிலாளர் அனைவரும் சிரித்தனர்.

மறுநாள் ஞாயிறு; ஆலை ஓடவில்லை. கெஸியா தேவாலயம் சென்றிருந்தாள். நான் அந்த மூன்றாவது இணைப்பை நீக்கினேன். பூட்டைப் போட்டு, கதவைத் திறந்து, ஸ்விட்சைத் திருப்பினேன். அவள் கூறியவாறே உருளை துள்ளியது. மீண்டும் திருப்பினேன், மீண்டும் துள்ளியது. இணைப்பை மறுபடி பொருத்தியிருக்கலாம். பொருத்தினால் அந்தச் சிரிப்பு நியாயமாகிவிடும். காலையில் உருளை துலக்குபவள் யார் என்பதும் நான் அறிந்ததே. கதவை மூடினேன்; கடைத்தெருவில் ஒரு தேநீர் அருந்திவிட்டுப் பேருந்து ஏறினேன்.

திங்களன்று தெய்வம்மா துலக்கி முடிக்குமுன், அவர்கள் வழக்கப்படியே, ஒருவன் ஸ்விட்சைத் திருப்பினான். வலக்கை மணிக்கட்டோடு போயிற்று என்கிறார்கள். வருந்தத்தக்கதே. அவசரக்காரர்கள்.

இவற்றையெல்லாம் கூற எனக்குக் கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் அவ்விணைப்பை நீக்கியவள் கெஸியா என்று அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை. நீக்கியவன் நான். அவ்வளவு சுருக்கமாகச் சிந்திக்க அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.