நுனி மடித்த டேப்

— வேண்டாம் மூர்த்தி அண்ணை. பழைய சாமான், கிளறப் போனா எல்லாம் கழண்டு கையோடை வரும். விடுங்கோ.

— கீர்த்தி, உனக்கு வாயை மூடிக்கொண்டு ரோச்சைப் பிடிக்கத் தெரியுமோ, தெரியாதோ? வெளிச்சத்தை என்ர மூஞ்சையிலை அடியாதை. தண்ணி, பற்றறி காட்டுற அந்தப் பனலிலை அடி.

— சாப்பிட வந்த மனிசன் நீங்கள். நிரோஜா இடியப்பம் அவிச்சு வச்சிருக்கிறா. ஆறப்போகுது.

— இடியப்பம் எங்கையும் ஓடாது. வாற கிழமை பிள்ளையளை ஏத்திக்கொண்டு காஸ்பே போறன் எண்டாய். தொட்டியிலை தண்ணி கிடக்கோ, பற்றறியிலை கரண்ட் கிடக்கோ எண்டு தெரியாமலோ உந்த ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போகப்போறாய்? சகலன் எண்டு நான் ஒருத்தன் இருக்கிறன். சென்ட் லோரன்ட் பக்ரறியிலை இருவது வருசமா வயரோடைதான் மாரடிக்கிறன். என்னை வச்சுக்கொண்டு வெளியிலை ஆளைப் பிடிப்பியோ?

— அதுக்கில்லை அண்ணை...

— எதுக்கில்லை? அந்தச் சின்ன ஸ்க்ரூ ட்ரைவரைத் தா. மொன்றியலிலை ஒலிம்பிக் நடந்த வருசத்து ட்ரெயிலர், கண்டியோ. அந்தக் காலத்து வெள்ளைக்காறன் ஸ்க்ரூவைக்கூடப் பித்தளையிலை போட்டிருக்கிறான். இப்ப வாறது எல்லாம் வாயாலை ஊதினா உடையும். ... என்னடா நாத்தம் இது?

— எலி கிலி செத்திருக்கும்.

— எலி நாத்தம் எனக்குத் தெரியாதோ? இது குசினித் தண்ணி தேங்கின நாத்தம்.

— நேற்றுக் கழுவினனான் அண்ணை. அதுவா இருக்கும்.

— உன்ர மனிசி குடுத்துவைச்சவள். நீயே கழுவுறாய். என்ர வீட்டிலை இப்ப கழுவவும் ஆளில்லை, ஊத்தையாக்கவும் ஆளில்லை. காலமை ஒரு கோப்பை, இரவு ஒரு கோப்பை. ரெண்டும் என்ர.

— ம்ம்.

— ஞாயிற்றுக்கிழமையிலை உங்கட வீட்டுச் சோறு இல்லையெண்டா நான் எப்பவோ விசரனாகியிருப்பன். முருகன் கோயிலுக்கும் போகேலாமக் கிடக்கு. ‘துஷாந்தினி எங்கை, காணேல்லை’ எண்டு கேக்கினம். என்னை விட்டிட்டுப் போனவள் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேக்கினம். பொலிசிலை போய்ச் சொன்னா, அந்தப் பெட்டை நல்ல பவ்வியமாச் சொல்லுறாள், ‘மெஸ்யூ, உங்கட மனிசி பத்திரமா இருக்கிறா, ஆனா இடம் சொல்லேலாது’ எண்டு. தாலி கட்டினவனுக்கு இடம் சொல்லேலாதாம்! இது என்ன நாடடா?

— ரோச்சை மற்றப் பக்கம் பிடிக்கட்டோ அண்ணை?

— பேசாமப் பிடி. ஆ, கழண்டிட்டுது. மெல்ல... இஞ்ச பார், உள்ளுக்கு ஒரு பொட்டுக் கறள் இல்லை. பேந்தேன் இது எரியேல்லை?

— பியூஸ் போயிருக்கும். மூடுவம் அண்ணை. நான் பேந்து பாக்கிறன்.

— பியூஸ் நல்லாத்தான் கிடக்கு. பொறு, இந்தச் சிவப்பு வயரைப் பார். ஆரோ வெட்டி, ரெண்டு பக்கமும் டேப் சுத்தி விட்டிருக்கினம்.

— பழைய சொந்தக்காறனா இருக்கும்.

— பழைய சொந்தக்காறனோ? டேப்பை உரிச்சா உள்ளுக்குச் செம்பு பளபளக்குது. பழைய வெட்டு எண்டா கறுத்துக் கிடக்கும். இது இந்த வருசத்து வெட்டு. நீயோ வெட்டினனி?

— நான் ஏன் அண்ணை வெட்டுறன்? சத்தியமா இல்லை.

— சரி, வெட்டினவன் நாசமாப் போகட்டும். ரெண்டையும் முறுக்கிறன், பார். இனி அந்தப் பொத்தானை அமத்து.

— பேந்து அமத்துவம்...

— அமத்தடா எண்டுறன்!

— டக்கோர், சரி சரி. அமத்துறன்.

— எரியுது! பாத்தியோ? மூர்த்தி கை வச்சா எரியும். பற்றறி நல்லம். நல்ல தண்ணி கொஞ்சம் கிடக்கு. அழுக்குத் தண்ணி... கீர்த்தி, இது நிரம்பி வழியிற நிலையிலை நிக்குது.

— பழைய பனல். பிழையாக் காட்டும்.

— என்ர மூக்குமோ பிழையாக் காட்டுது? இந்த வருசம் இதை முத்தத்தை விட்டு அசைக்கவே இல்லை எண்டுதானே சொன்னனி? நேற்று ஒருநாள் கழுவின தண்ணியிலை இவ்வளவு பெரிய தொட்டி நிரம்பாது. குளிச்சு, சமைச்சு, ஆரோ இதுக்குள்ளை குடியிருந்திருக்கினம்.

— ரோச் வெளிச்சம் குறையுது அண்ணை. வெளியிலை வாங்கோ.

— அட கள்ளா! ஏன்ரா முழுசுறாய்? பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டிடுமோ? ஆரடா அவள்?

— ஐயோ அண்ணை, அப்பிடி ஒண்டும் இல்லை.

— நிரோஜாட்டை நான் மூச்சு விடமாட்டன். ஆம்பிளைக்கு ஆம்பிளை. வேலை செய்யிற இடத்துப் பெட்டையோ? இந்தப் பூனையும் பால் குடிக்குமோ எண்டு இருந்தனான், பார்!

— அண்ணை, பகிடியை விட்டிட்டு வாங்கோ சாப்பிட.

— வாறன், வாறன். கையிலை ஒட்டினதைக் கழட்டட்டும். ... கீர்த்தி.

— சொல்லுங்கோ.

— இந்த டேப் நகம் வைக்காமலே உரிஞ்சு வந்ததடா. பார், நுனியை மடிச்சு விட்டிருக்கு. ரெண்டு துண்டிலையும்.

— பசை காய்ஞ்சிருக்கும் அண்ணை.

— டேப் சுத்தினா நுனியை மடிச்சு விடுற ஆள் எனக்குத் தெரிய ஒராள்தான். பிறகு உரிக்கச் சுகமாம். அரை அங்குலம் வீணாப் போகுது எண்டு எத்தினை தரம் கத்தியிருக்கிறன். கேக்கமாட்டாள். ... ஏன்ரா நிலத்தைப் பாக்கிறாய்? துஷாந்தினியோ இதுக்குள்ளை இருந்தவள்?

— அண்ணை, வெளியிலை போய்க் கதைப்பம்.

— ஓம் எண்டு சொல்லு, இல்லை எண்டு சொல்லு!

— ஓம்.

— எப்ப இருந்து?

— மே மாசம். உங்கட வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டே இஞ்சதான் வந்தவ. ஜூலை முதலாந் திகதி, இஞ்சத்தை வழக்கப்படி ஊரே வீடு மாறேக்கை, அவவும் ரெண்டு பெட்டியோடை மாறிப் போயிட்டா.

— அப்ப நான் ஒவ்வொரு ஞாயிறும் வந்து காரை எங்கை விட்டனான்?

— இதுக்குப் பக்கத்திலை.

— இதுக்குப் பக்கத்திலை. பத்தடி தள்ளி அவள் இருக்கிறாள். நான் உள்ளுக்கு உங்கட மேசையிலை இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுறன். நீ என்ர முதுகைத் தடவுறாய். ‘வருவா அண்ணை, எங்கை போகப்போறா’ எண்டுறாய்.

— எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை அண்ணை.

— உனக்கு இறங்கேல்லை! ஸ்காபரோவுக்கு என்னை ஏத்திக்கொண்டு போனியே, அது என்ன கூத்து? போனிலை அவளின்ர படத்தை வச்சுக்கொண்டு கடை கடையா ஏறி இறங்கினம். எனக்கு முன்னாலை நீ ஓடி ஓடிக் கேட்டாய். ‘இவவைக் கண்டனீங்களோ, இவவைக் கண்டனீங்களோ’ எண்டு.

— அந்த ரெண்டு நாளும் நீங்கள் மொன்றியலிலை நிக்கக்கூடாது எண்டுதான் கூட்டிக்கொண்டு போனனான். அக்கா வெளியிலை வந்து வெய்யில்லை கொஞ்சம் நடக்கவேணும் எண்டு கேட்டவ.

— நான் நிண்டா நடக்கேலாதோ? நான் என்ன புலியோ, கரடியோ? அப்ப வயரை ஏன் வெட்டினவள்?

— உங்கட கார் வாற சத்தம் கேட்டா எல்லா லைற்றையும் நூத்துப்போடுவா. பனல் லைற் மட்டும் நூராது. யன்னலுக்காலை சிவப்பாத் தெரியும். அதுதான்.

— பிள்ளையளுக்கும் தெரியுமோ?

— றொஷினிக்குத் தெரியும்.

— சின்னவனுக்கு?

— ஜெனாட்டுக்கும் தெரியும்.

— அதுதானே! ‘ட்ரெயிலர்ப் பக்கம் போகாதைங்கோ பெரியப்பா, குளவி இருக்கு’ எண்டு என்ர கையைப் பிடிச்சு இழுத்தவன். நானும் பிள்ளைக்கு என்னிலை எவ்வளவு பட்சம் எண்டு உருகினனான். அந்தப் பால்குடிக்கும் பொய் பழக்கி வச்சிருக்கிறியள்.

— பிழைதான் அண்ணை.

— உன்னை டோர்வால் எயார்ப்போட்டிலை வந்து கூட்டினது ஆர் கீர்த்தி? வெளியிலை பனி கொட்டுது, நீ மெல்லிய சேட்டோடை வந்து நிக்கிறாய். என்ர ஜக்கெற்றைக் கழட்டி உனக்குப் போட்டுவிட்டனான். நான் நடுங்கி நடுங்கிக் காரைத் தேடினனான். ஒரு வருசம் என்ர வீட்டிலை சாப்பிட்டாய். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் எண்டுறது இதைத்தான்ரா.

— நான் மறக்கேல்லை அண்ணை. அந்த ஜக்கெற் இப்பவும் என்னட்டை இருக்கு.

— எரிச்சுப்போடு! வேற ஆரும் செய்திருந்தா ரெண்டு தூசணத்தோடை எனக்கு முடிஞ்சிருக்கும். நீயடா! சகோதரம் இல்லாத எனக்குத் தம்பி எண்டு உன்னைத்தானே சொல்லித் திரிஞ்சனான். நெஞ்சு பத்தியெரியுது.

— அழாதைங்கோ அண்ணை. உதிலை இருங்கோ. தண்ணி தரட்டோ?

— தண்ணி வேண்டாம். அவள் எங்கை எண்டு மட்டும் சொல்லு. நான் சண்டை பிடிக்கமாட்டன். வா எண்டும் கேக்கமாட்டன். ஒருக்கா முன்னாலை நிண்டு, ஏன் போனனி எண்டு கேக்கவேணும். அது தெரியாமத்தான் நித்திரை வருகுதில்லை. இவ்வளவு செய்தியே, இதை ஒண்டை எனக்காகச் செய்.

— அண்ணை... நிரோஜாட்டை நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்.

— எனக்கு ஒரு சத்தியமும் இல்லையோ? என்னைப் பாரடா. மூண்டு மாசத்திலை எப்பிடிப் போயிட்டன் எண்டு பார்.

— அவ நல்லா இருக்கிறா அண்ணை. வேலைக்கும் போறா. இப்ப புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு...

— கீர்த்தி! இன்னும் ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டா நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்.

— நிரோஜா... நீர் எப்ப வந்தனீர்?

— தேத்தண்ணியோடை கதவடியிலை எவ்வளவு நேரமா நிக்கிறன். இந்தாங்கோ அத்தான், தேத்தண்ணி. குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. சாப்பாட்டைக் கட்டித் தாறன்.

— பாத்தியோ கீர்த்தி, பிச்சைக்காறனுக்குக் கட்டித் தாற மாதிரித் தாறாள். நிரோஜா, உன்ர அக்காவெல்லோ, நீ சொல்லு. கொக்கா எங்கை?

— என்ர வாயிலை அது வராது அத்தான்.

— சரி, இடம் வேண்டாம். என்னைப் பற்றி என்ன சொன்னவள்? அதையாவது சொல்லு.

— ஒண்டும் சொல்லேல்லை. வந்தா, கதவைப் பூட்டினா, மூண்டு நாளா எழும்பாமப் படுத்துக் கிடந்தா.

— கேட்டியோ? சொல்ல ஒண்டும் இருந்தாத்தானே சொல்லுவாள்! நான் குடிக்கிறனோ? சூது விளையாடுறனோ? வேற பொம்பிளையைத் திரும்பிப் பாத்தனோ? சம்பளம் முழுக்க வீட்டுக்குத்தானே வருது. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தனான். என்ன குறை வச்சனான் எண்டு இவளுக்காவது தெரியவேணும்.

— நான் உள்ளுக்குப் போறன்.

— நில்! போகாதை. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போ.

— தேத்தண்ணி ஊத்துண்டுது அத்தான்.

— ஊத்துண்டாப் போகட்டும். கொக்காவின்ர கலியாணத்திலை பூத்தட்டுப் பிடிச்ச பெட்டை நீ. அண்டையிலை இருந்து என்னைத் தெரியும். இத்தினை வருசத்திலை ஒருநாள், ஒரேயொரு நாள், ஒரு பொம்பிளையை நான் நோகப்பண்ணினதை நீ கண்டிருக்கிறியோ?

— அண்ணை...

— நீ சும்மா இரு கீர்த்தி! அவள் சொல்லட்டும். சொல்லு நிரோஜா!

— அக்கா வரேக்கை அவவின்ர கை நீலம் பாரிச்சுக் கிடந்ததும் இதே இடத்திலைதான் அத்தான். என்ர கையை விடுங்கோ.