சுத்தமா தொடச்சிட்டேன்

புது டிவியில் பழைய வீடியோ கேமை ஓடவிடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம், ஐயா. ஒயரைச் செருகினால் படம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்களுடையது வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் வேலையில் இருந்த என் மைத்துனன் ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் வாங்கி வந்து என் மகளுக்குக் கொடுத்தான். நம் வீட்டுக் கரண்டை அது தாங்காது. பாதியாகக் குறைத்துக் கொடுக்கச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய குண்டு டிவியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மகள் இறந்த கொஞ்ச நாளில் அந்த டிவியும் போய்விட்டது.

மகளுக்குக் காய்ச்சல்தான். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அதில் யார் மேலும் தப்பில்லை. நான் சும்மா யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை.

அவள் ஆடிய ஆட்டம் கேசட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். கடைசியாக எங்கே விட்டாளோ அங்கே, அவள் பெயரோடு. சரியாகச் சாப்பிடாமல், பேசாமல் கிடந்த என் மனைவி வாய்திறந்து கேட்டது இதை ஒன்றைத்தான்.

"அந்தப் பேரை ஒரு தடவை பாத்துட்டா போதுங்க. அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்."

எப்பாடு பட்டாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

புது டிவி மசியவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வந்து, நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. தெருமுனை டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வாய் ஓயாது, ஆனால் தொழிலில் கெட்டி.

"அந்த ஊரு கலர் வேற, நம்ம ஊரு கலர் வேற சார். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல ஒரு பெட்டி வச்சாத்தான் சமாதானமாகும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெட்டியோடு வந்தார். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் படம் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். டீ போட்டு எடுத்து வந்தபோது, மாஸ்டர் கேசட்டைக் கழற்றி மறுபடியும் மூடி, கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"கேசட்டைச் சுத்தமா தொடச்சிட்டேன் சார். உள்ள இருந்த பழசெல்லாம் போயாச்சு. இனிமே புதுசு மாதிரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீயைக் கீழே வைத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் அவருக்குப் பின்னால் தரையில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. நான் தெரியாமல் இடித்துவிட்டேன் என்று நினைத்தவர் போலத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது மூக்கில். மேசையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். "தூசி சார்... தூசியைத்தான்..." என்றார். அந்த நேரத்தில் தூசியைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. மண்டை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் இளகிவிடுகிறது. கை அசந்தபோது நிறுத்தினேன். மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒயரைக் கழுத்தில் சுற்றி இறுக்கினேன். ஒரு மனிதனை அப்படித் துடிக்க விடக் கூடாது.

வந்த வேலை பாதியில் நின்றது. டிரான்ஸ்ஃபார்மரைத் துணியால் நன்றாகத் துடைத்துச் செருகினேன். கெட்டியான சாமான், ஓடியது. கேசட்டைப் போட்டேன். படம் ஆடாமல் அசையாமல் நின்றது, முழுக் கலரில். முதல் வரியில், இங்கிலீஷ் எழுத்தில், என் மகளின் பெயர் இருந்தது.

மாஸ்டர் துடைத்தது தூசியை என்று அப்போதுதான் புரிந்தது. அழுதேன் ஐயா, மறைப்பதற்கென்ன. அவருக்காகவும் கொஞ்சம் அழுதேன். பிறகு, அவள் கடைசியாக எங்கே நின்றாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். அந்த ஊர் எழுத்தில் ஒரு கேள்வி வந்தது, அடியில் இரண்டு பதில்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. மேலே இருந்ததை அழுத்தினேன். பெயர் போய்விட்டது. எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன், திரும்பி வரவில்லை.

மனைவி உள்ளே வந்தபோது தரையைத்தான் முதலில் பார்த்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, ஏன் என்று கேட்டாள்.

"நம்ம பொண்ணு பேரை அவன் அழிச்சிட்டான்" என்றேன்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் போனதிலிருந்து அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது பொய்யும் இல்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால், எதை அழுத்துவது என்று அவரிடம் கேட்டிருப்பேன். அதனால் அழித்தது அவர்தான் என்றே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாசித்துக் காட்டும்போது கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள், அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.