முப்பதடி ரோட்டில் ஒரு கல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டவர் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. எங்கள் தொழில் அதில்தான் ஓடுகிறது. ஓசூரில் மனையைச் சைட்டு என்பார்கள். கம்பெனி லீவு நாளில் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப் போக வேண்டும். சைட்டைக் காட்ட வேண்டும். சோறு போட்டு, அவர்கள் கை கழுவி வரும்போது பேனாவை நீட்ட வேண்டும்.

நீங்கள் அம்மனைப் பற்றிக் கேட்டீர்கள், சார். தொரப்பள்ளிப் பக்கம் எங்கள் லேஅவுட் கோயிலில் கல்லைக் காணோம் என்று ராஜசேகர் அண்ணன் அழுதுகொண்டே புகார் கொடுத்திருக்கிறார். அது எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, 2005இல், நான் தனி ஆளாகச் சைட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ராஜசேகர் அண்ணனிடம் எட்டுப் பேர் கொண்ட டீம் இருந்தது. கங்கப்பன் என்பவருடைய நிலத்தை, கெடுவுக்குள் மீதிப் பணம் தருவதாக அக்ரிமென்ட் போட்டு எடுத்து, அறுபது சைட்டாகப் பிரித்திருந்தார். ஒருநாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பூபதி, எத்தன நாளுக்கு ஒண்டியாவே சுத்துவ? எங்கூட வந்துரு. எனக்கு அடுத்த ஆளு நீதான்."

"யோசிக்கறேண்ணா."

"இதுல யோசிக்க என்னாடா இருக்குது? பொண்ணா பாக்கக் கூப்புடறேன்?"

யோசித்தேன். சேர்ந்தால் கடைசிவரை இரண்டாவது ஆள். தனியாக டீம் ஆரம்பிக்கலாம் என்றால் ஆட்கள் வேண்டும். ஓசூரில் நல்ல ஆட்கள் எட்டுப் பேர்தான். எட்டுப் பேரும் அண்ணனிடம் இருந்தார்கள். அவர்களை நான் கூப்பிட்டிருக்கலாம். அது நாகரிகம் இல்லை. அவர்களாக வர வேண்டும். அதற்கு அங்கே அவர்களுக்கு வேலை இருக்கக் கூடாது.

ஆடி மாதத்தில் யாரும் பத்திரம் பதிவதில்லை. லேஅவுட் காலியாகக் கிடக்கும். முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போனேன். கோடிச் சைட்டின் எல்லைக்கல் ஒன்றைப் பிடுங்கினேன். உள்ளே போவதற்கு இருந்த ஒரே ரோட்டில், முப்பதடிக்கு நட்டநடுவில் அதை நட்டேன். மஞ்சள் பூசி, மூன்று பொட்டு வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகினேன். பெயர் வைக்கவில்லை. அதை மட்டும் முன்கூட்டியே யோசித்திருந்தேன். இங்கே மூன்று பாஷைக்காரர்கள் இருக்கிறோம். பெயர் வைத்தால் ஒருத்தருக்குத்தான் சாமி.

நினைத்தது சரியாக இருந்தது. தெலுங்குக்காரர்கள் எல்லம்மா என்றார்கள். கன்னடக்காரர்கள் மாரம்மா என்றார்கள். தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அவரவர் ஊர்க் காளியைக் கண்டுகொண்டார்கள். ஆடி முடிவதற்குள் தகரக் கொட்டகையும் உண்டியலும் வந்துவிட்டன. இரண்டு வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நானும் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆவணியில் அண்ணன் ஜேசிபியோடு வந்தார். நானும் துணைக்குப் போயிருந்தேன். டிரைவர் கோவிந்தன் இறங்கி, செருப்பைக் கழற்றி, விழுந்து கும்பிட்டார். பிறகு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாரு கொண்டாந்து வெச்சது இத?" என்று அண்ணன் கத்தினார்.

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த செல்லி என்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும் வெக்கலீங்க. அதுவா வந்துச்சு. நீங்கதான் அதும்மேல ரோடு போட்டுட்டீங்க."

அதன்பிறகு எந்த வேனும் உள்ளே போகவில்லை. அம்மனே வழியை மறிக்கும் இடத்தில் வீடு கட்ட யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணன் என்னிடம் வந்து உட்கார்ந்தார். பத்து நாளாகத் தூங்காத முகம்.

"என்னா பண்றது பூபதி? கங்கப்பன் அக்ரிமென்ட்டு முடிய நாப்பத்தஞ்சு நாளுதான் இருக்குது."

நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கச் சொன்னேன். தலையை மொட்டையடித்து, மஞ்சள் துணி கட்டி, அங்கேயே படுத்துக் கிடந்தால் அம்மனே நகர்ந்துகொள்வாள் என்றேன். விரதத்தில் இருப்பவர் பத்திரத்தைத் தொடக் கூடாது, நிலம் நீச்சு பற்றி வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னேன். அப்படியெல்லாம் ஒரு விதியும் கிடையாது. கெடு வருகிறதே என்று அவர் பயந்தபோது, கங்கப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

பேசினேன். நாற்பத்தாறாம் நாள் நிலம் என் பெயருக்கு அக்ரிமென்ட் ஆனது.

ரோட்டுக்கு இடப்பக்கம் கங்கப்பனுக்கு இன்னும் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் கீற்று போல ஒரு துண்டு வாங்கி, ரோட்டை வளைத்தேன். அம்மன் நடுரோட்டிலிருந்து ஓரத்துக்கு வந்துவிட்டாள். விரதத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அண்ணனுக்கும் இது தோன்றியிருக்கும். வழியை மறித்தவள் வழிவிட்டாள் என்று ஊரே பேசியது. நோட்டீசில் 'அம்மன் கோயில் அருகில்' என்று போட்டேன். சதுர அடிக்கு விலை ஏறியது. எட்டுப் பேரும் அவர்களாகவே வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

ராஜசேகர் அண்ணன் விரதத்தை விடவே இல்லை. கோயிலிலேயே பூசாரியாக இருந்துவிட்டார். என்னைப் பார்த்தால் நெற்றியில் திருநீறு பூசி, "நீ காட்டுன வழிடா" என்பார். முன்பு அவருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. அவர் வீட்டம்மா சுமலதா மட்டும் என்னைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பெண்களுக்கு இதெல்லாம் புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

எட்டுப் பேரில் கெட்டிக்காரி சத்யப்ரியா. போன மாதம் ஆபீசில் என் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் தனியா ஒரு டீம் ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன்."

"தாராளமா பண்ணும்மா. லேஅவுட் எங்க?"

"சூளகிரிப் பக்கம்ணா. நம்ம டீம்ல ஜெயமணியும் தங்கதுரையும் எங்கூட வர்றாங்க. வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெச்சுத்தான் எறங்கறேன். நீங்க வந்து வெளக்கேத்தணும்."

"உள்ள போறதுக்கு எத்தன ரோடு?"

"ஒண்ணுதாண்ணா. முப்பதடி."

வெற்றிலை பாக்கில் நூற்றியொரு ரூபாய் வைத்துக் கொடுத்தேன். காலில் விழுந்து கும்பிட்டாள். திறமை இருக்கிறவர்கள் தனியாகத்தான் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆம், சார். கல்லை எடுத்தது நான்தான். போன வெள்ளிக்கிழமை விடியற்காலை, அண்ணன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மொபெட்டில் வைத்துச் சூளகிரிக்குக் கொண்டுபோனேன். புதுக் கல் ஒன்றை நட்டிருக்கலாம். ஆனால் மூன்று வருட எண்ணெய் ஏறிய கல்லைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் அறுபது சைட்டும் விற்றாகிவிட்டது. அவளுக்கு இங்கே வேலையும் இல்லை.

சூளகிரியில் நேற்றே பந்தல் போட்டுவிட்டதாகக் கேள்வி. போய் எடுத்து வரச் சொல்லி ஆளை அனுப்புங்கள். யார் தொடுகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன். உங்கள் ஜீப்பில் கட்டியிருப்பதும் அவளுடைய எலுமிச்சம்பழம்தானே.

சத்யப்ரியாவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். மனசு கஷ்டப்படுவாள். நேற்றுப் போன் செய்து, என்ன செய்வதென்று தெரியவில்லை அண்ணா என்று அழுதாள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே சரி என்றாள். என் தங்கை மாதிரி அவள். ஆபீசில் அவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.