மிதித்த கால்

பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம். கின்டாம்போவைத் தாண்டி புய்ப்பே ஊருக்குப் போகிற சாலை. ஈ காக்காய் இல்லை... கரண்டு இப்போதைக்கு வராது, கிட்டே வந்து உட்காருங்கள். இது என் கூட்டாளி போவாச்சியின் அக்கா கணவருக்கு நடந்தது. நம்பாதவர்கள் நாளைக்கே சுவாமே பட்டறைத் தெருவில் போய்க் கேட்கலாம். மெக்கானிக் அம்போன்சா மாஸ்டர் என்றால் யாரும் கை காட்டுவார்கள்.

டான்சோ என்பவன் ஓட்டுகிற ட்ரோட்ரோ, ஆள் ஏற்றும் வேன், அந்தச் சாலையில் நின்றுவிட்டது. பயணிகளை வேறு வண்டிகளில் ஏற்றிவிட்டு அம்போன்சாவுக்குப் போன் போட்டான். அவரும் ஒரு லாரியைப் பிடித்து, கருவிப் பெட்டியோடு போய் இறங்கினார். குனிந்து பார்த்தால் என்ஜின் முன்னால் சுற்றுகிற கிராங்க் புல்லி கிழவன் பல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. எவனோ ஒரு புண்ணியவான் அதன் போல்ட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறான்.

என்ஜின் மூக்கில் இருக்கிற அந்த ஒற்றை போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் என்ஜினே போய்விடும். அம்போன்சா தன் கை பலத்தை நம்புகிற ஆள் இல்லை. புது போல்ட்தான் போடுவார். அளவாக இறுகியதும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்ல வேண்டும். பிறகு சாக்பீஸால் ஒரு கோடு. அதிலிருந்து இன்னும் கால் சுற்று.

ஒரு சிக்கல் உண்டு. போல்ட்டைத் திருப்பினால் என்ஜினும் கூடவே திரும்பும். அதனால் டாப் கியரில் போட்டு, ஒருவர் சீட்டில் ஏறி பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொள்ள வேண்டும். சுவாமேயில் அதற்கு ஆள் தேடுவதில்லை. வண்டிக்கு அடியில் படுத்தபடி, “யாராவது ஏறி மிதிங்கப்பா” என்று குரல் கொடுத்தால் போதும். சோறு விற்கிறவள் ஏறுவாள், ஜெபம் பண்ண வந்த பாஸ்டர்கூட ஏறுவார். யார் என்று எட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கட்டுப்பாடு ஒன்றுதான். கால் வலித்தால், ‘விடட்டுமா மாஸ்டர்’ என்று கேட்கலாம். அவர் ‘விடு’ என்று சொல்லும்வரை எடுக்கக் கூடாது.

டான்சோவுக்குப் பசி. சாப்பிட்டுவிட்டு ஓடிவருவதாகச் சொல்லி, வழியில் வந்த ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு புய்ப்பே போய்விட்டான். அம்போன்சா வேனின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்து, அடியில் தனியாகப் படுத்து வேலை பார்த்தார். புல்வெளி எரிந்த புகை வாசம்... தூசிக் காற்று... வேறொன்றும் இல்லை.

போல்ட்டை விரலால் ஏற்றி முடித்தார். இனி முறுக்க வேண்டும். வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“யாராவது ஏறி மிதிங்கப்பா.”

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்...

கதவு திறந்தது.

சீட்டு முனகியது. வேன் ஒரு பக்கம் லேசாக அமுங்கியது. பிரேக் பெடல்... க்ரீச்.

டான்சோ வந்துவிட்டான் என்று நினைத்தார். வயிறு ரொம்பியதா என்று கிண்டலாகக் கேட்டார். கதை அப்புறம், முதலில் வேலை முடியட்டும். ரெஞ்ச்சைப் போட்டு இழுத்தார். டிக். கோடு போட்டார். நீளக் குழாயை மாட்டி, மூச்சை அடக்கிக் கால் சுற்று... இறுகியது. வண்டி குலுங்கியது. அந்தக் குலுக்கலில் ஜாக்கி சாய்ந்து, குறுக்கு இரும்பு அவர் நெஞ்சில் இறங்கி உட்கார்ந்தது. முன் சக்கரம் விலாவை ஒட்டித் தரையைத் தொட்டது. பின்னால் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. பின் சக்கரத்துக்கு அவர் அண்டைகொடுத்தது கல் இல்லை, காய்ந்த செம்மண் கட்டி. மங்கலில் தெரியவில்லை.

இறக்கமான சாலை, கைப்பிரேக் வேலை செய்யாத வண்டி. வண்டி உருண்டால் சக்கரம் அவர் மேல்தான் ஏறும். அதைப் பிடித்து வைத்திருந்தது மேலே மிதித்திருந்த அந்த ஒரு கால்தான்.

“டான்சோ, காலை எடுத்துடாதடா” என்று கத்தினார். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. கஷ்டப்பட்டு எடுத்துக் காதில் வைத்தார்.

“மாஸ்டர், ஒரு வண்டியும் சிக்கல. விடிஞ்சாத்தான் வர முடியும் போல. இங்க பாங்கு களியும் மீனும் அருமையா இருக்கு, உங்களுக்கும் கட்டிட்டு வரவா?”

அம்போன்சாவின் கண் மேலே, சீட்டுப் பக்கம் போனது. மாட்டிக்கொண்டேன், ஆட்களைக் கூட்டி வா என்று சொல்லும்போதே போன் செத்துவிட்டது. சொன்னது போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

துருப்பிடித்த தரை ஓட்டை வழியாக அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. தண்ணீர். ஆற்றுச் சேற்று வாசம்... மழையே இல்லாத மாசத்தில்.

பிறகு மேலே இருந்து மெதுவாக ஒரு குரல்.

“விடட்டுமா, மாஸ்டர்?”

ஆண் குரலா பெண் குரலா என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை. மனிதர் பயந்து அழுதுவிட்டார். மனைவி, பிள்ளைகள் எல்லாம் கண் முன்னால் வந்து போனார்கள். ஆனால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“விடாத. மிதிச்சுக்கோ.”

பெடல் அசையவில்லை. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். ராத்திரி முழுக்க இப்படித்தான். கண் அசந்தால் குரல் எழுப்பும். பதில் தாமதமானால் பெடல் லேசாக... க்ரீச். ஜெபம் பண்ணக்கூட அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை. தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அதையும் அது பதிலாக எடுத்துக்கொண்டது.

வெளிச்சம் வந்ததும் டான்சோ ஆட்களோடு வந்தான். வண்டியைத் தூக்கி அவரை இழுத்தார்கள். விலா ஒன்று உடைந்திருந்தது, உயிர் இருந்தது. சீட்டில் யாரும் இல்லை. சீட்டு மட்டும் நனைந்திருந்தது. பிரேக் பெடல் தரையோடு அமுங்கிக் கிடந்தது. கையால் இழுத்தார்கள், கம்பி கொடுத்து நெம்பினார்கள். எழவில்லை. வண்டி அங்குலம் நகரவில்லை.

வேன் முதலாளி அம்போன்சா வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். ஒரு வார்த்தைதானே, ‘விடு’ என்று சொல்லித் தொலையேன் என்றார். அம்போன்சா தலையை ஆட்டிவிட்டார்.

“சொன்னா அது வண்டியை விட்டு இறங்கிரும், ஐயா. இறங்கி யாருகிட்ட வரும்?”

இன்றைக்கும் அவர் சொல்லவில்லை. வேன் அங்கேயேதான் நிற்கிறது. கதவு, கண்ணாடி, பேட்டரி எல்லாவற்றையும் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் இருட்டிய பிறகு அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள்... அதன் பிரேக் விளக்கு இன்னும் சிவப்பாக எரிகிறதாம்.