இரண்டாவது பாதி

— தலையை ஆட்டாதீங்கக்கா, ஒரு பக்கம் ஏறிடும். முடி வெட்டி முடிச்சப்புறம் கோபப்படலாம்.

— நான் எங்க கோபப்பட்டேன்? உன் வீட்டுக்காரர்கிட்ட நாலு தடவை கேட்டாச்சு. கோடை லீவு நாப்பத்தி நாலு நாள். எங்க விவாகரத்துப் பேப்பர்ல ஆளுக்குப் பாதின்னு இருக்கே தவிர, யாருக்கு எந்தப் பாதின்னு இல்ல. மகளை முதல் பாதியில என்கிட்ட விடுங்கன்னேன். முடியாதாம்.

— காரணம்?

— "எனக்கும் அதான் வேணும்." அவ்வளவுதான். ஆறு வருஷம் குடும்பம் நடத்தினவ நான், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

— எனக்கு மூணு வருஷத்துலயே மனப்பாடம் ஆயிடுச்சு. கொஞ்சம் குனிங்க.

— எக்ஸ்ரே ரூம்ல நாங்க மொத்தமே மூணு பேரு. ஒருத்தி பிரசவத்துக்குப் போறா. ரெண்டாவது பாதியில எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. கடல் காட்டுறேன், கடல் காட்டுறேன்னு ரெண்டு வருஷமா அவளை ஏமாத்திட்டிருக்கேன். இந்தத் தடவையும் இல்லேன்னா என்னை நம்பவே மாட்டா.

— அவரு லீவே போடலக்கா. முதல் பாதி கிடைச்சாலும் உங்க பொண்ணு, எங்க வீட்டுப் பெரியவ, இங்கதான் இருப்பா. இந்தச் சுத்துற நாற்காலியில உக்காந்து, வர்றவங்க தலையை எண்ணிக்கிட்டு. போன வருஷம் மாதிரி.

— தெரியும். "சித்தி ரெட்டைப் பின்னல் போட்டாங்க"ன்னு வந்து நின்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது. பின்னல் நல்லா இருந்துச்சு, என்ன பண்றது? நாலு நாள் அவிழ்க்கவே இல்ல.

— ஃபோனை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. 'முதல் பாதியை நீங்களே வெச்சுக்குங்க. யோசிச்சுப் பார்த்தா எனக்கு ரெண்டாவது பாதிதான் வசதி.'

— அடிப்பாவி!

— அனுப்புங்கக்கா.

— அனுப்பிட்டேன். நாள் பூரா ஊருக்கே சொல்றேன், இன்னிக்கு எனக்கே சொல்லிக்கறேன்: மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க.

— நிஜமாவே அசையாதீங்க, காதுகிட்ட கத்திரி இருக்கு.

— வந்துடுச்சு! 'அதெப்படி? ரெண்டாவது பாதி எனக்கு. பேச்சே கிடையாது.'

— உடனே சரின்னுடாதீங்க, சந்தேகம் வந்துடும். ஒரு தடவை கெஞ்சுங்க.

— 'கொஞ்சம் யோசிங்களேன்'னு போட்டேன். 'யோசிச்சாச்சு'ங்கறாரு.

— இப்ப 'சரி, உங்க இஷ்டம்'னு எழுதி வெச்சுக்குங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு அனுப்புங்க. அழுதுட்டு அனுப்பின மாதிரி இருக்கும்.

— ஆறு வருஷத்துல இந்த வித்தை எனக்குத் தெரியாமப் போச்சே! சரி விடு. ஆனா பாரம் உனக்குத்தான். ரெண்டாவது பாதி முழுக்க இந்தக் கடையைப் பார்த்து, உன் சின்னக்குட்டியைப் பார்த்து, என் பொண்ணையும் பார்த்து... ஏன், கத்திரி நின்னுடுச்சு?

— ரெண்டாவது பாதியில நான் அந்த வீட்ல இருக்க மாட்டேன்க்கா.

— எங்க போற?

— இந்தக் கடைக்கு மேலயே ரூம் பார்த்துட்டேன், பெரியவ பகல்ல வழக்கம்போல இங்க வந்து இருக்கலாம். ஆனா அவ கண்ணு முன்னாடி பெட்டி கட்ட எனக்கு மனசு வரல. அந்த நேரத்துல அவ உங்ககூடக் கடல்ல குதிச்சுக்கிட்டிருக்கட்டும்னுதான் முதல் பாதியை உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்.

— அந்த மனுஷனுக்குத் தெரியுமா?

— போன வாரமே சொல்லிட்டேன். "பேச்சே கிடையாது"ன்னாரு. நானும் பேசல, ரூமுக்குச் சாவி வாங்கிட்டேன். நிமிருங்க, கண்ணாடியைப் பாருங்க. பின்பக்கம் சரியா இருக்கா?

— முடி கிடக்கட்டும். நீ நல்லா இருக்கியா?

— இருக்கேன்க்கா. நல்லா யோசிச்சுத்தான் இந்த முடிவை எடுத்தேன். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— அடுத்த லீவுக்கு நாள் பிரிக்கறப்ப என் சின்னவளையும் சேர்த்துப் பிரிச்சுக்கலாம். அப்பா வீட்டுக்கு அக்காவும் தங்கச்சியும் ஒரே பாதியில போகட்டும்.