ஒண்ணுக்குப் பன்னெண்டு

“ஹலோ… ஹலோ! யாரு, பேப்பர்ல எழுதுற அம்மாவா?… ஆமா, ஆமா, உன்னைத்தான். அந்தத் தங்கச் சுரங்கக் கம்பெனியைப் பத்தி இன்னிக்குக் காலையில எழுதிக் கிழிச்சிருக்கியே, நீதானே அது?… நான் யாரா? உன் வீட்டைக் கட்டின மேஸ்திரி பேசுறேன்… ஆங், அதே மேஸ்திரிதான். வணக்கமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!”

மேஸ்திரிக்கு வலது கால் முழுக்க மாவுக்கட்டு. போன வாரம் சாரத்திலிருந்து விழுந்தவர், வேலை நடக்கிற கட்டடத்தின் பக்கத்துத் தகரக் கொட்டகையில், சிமென்ட் மூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் போன் எதற்கு? நேரிலேயே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பார். ஏன், முதல் கல்லே அவர் எறிந்ததாகத்தான் இருந்திருக்கும்.

“எட்டு வருஷ ஒழைப்பும்மா! நானும் என் ஆளுங்க இருபது பேரும், கை காய்ச்சுப் போக மண்ணு சுமந்து சேர்த்த காசு. பங்குன்னா என்னன்னே அவனுங்களுக்குத் தெரியாது. மேஸ்திரி சொன்னா சரின்னு போட்டானுங்க. நேத்து வரைக்கும் ஏறிக்கிட்டு இருந்துச்சு, இன்னிக்கு வாங்க நாதியில்ல. எல்லாம் உன் ஒரு பேனாவால!… என்னது?… சுரங்கமே இல்லையா? நீ போய்ப் பாத்தியா?… பாத்தியா?… வெறும் கல்குவாரியா?… பொய்! பொய்! எவன்கிட்ட எவ்வளவு வாங்கின, சொல்லு!”

கைக்கு அகப்பட்டது கண்ணாடி டம்ளர். தூக்கித் தகரத்தில் அடித்தார்.

“கேட்டுச்சா? இதே சத்தம் இன்னும் கொஞ்ச நேரத்துல உன் வீட்டு ஜன்னல்ல கேக்கும். இருபது பேரும் லாரியில கெளம்பியாச்சு. கடப்பாறை இருக்கு, சம்மட்டி இருக்கு, ஒரு கேன் பெட்ரோலும் இருக்கு… ஆமாடி, மிரட்டத்தான் செய்றேன்! வீட்டைக் காட்டிக் குடுத்ததே நான்தான். வெளிய ஓடலாம்னு நெனைக்காத, தெருமுனையில வேற நாலு பேரை நிறுத்தியிருக்கேன். ‘நான் எழுதினது பொய்’னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. இல்லைன்னா எலும்பை எண்ணிப் பொறுக்கிக்கோ!… எந்தக் கல்லு?… கம்பெனிக்காரன் குடுத்த கல்லா? இருக்கே! இதோ, கண்ணு முன்னாடி இருக்கு.”

பங்கு வாங்கின ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒரு கல் அனுப்பியிருந்தது. சுரங்கத்தில் தோண்டின நிஜக் கல், உள்ளே தங்க ரேகை ஓடுகிறது என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கூடவே ஒரு சீட்டு: கல்லை உடைத்தால் பங்கு செல்லாது. மேஸ்திரி அதைத் தினமும் துடைத்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி முகம் துடைத்துவிட்டதில்லை.

“ஒடைச்சுப் பாக்கணுமா? ஒடைச்சா செல்லாதுன்னு… ஓ, அந்தச் சீட்டைப் பத்தியும் எழுதியிருக்கியோ?… சரி, ஒடைக்கிறேன். ஆனா ஒண்ணு, உள்ள தங்கம் மின்னுச்சுன்னு வை, கட்டின இந்தக் கையாலயே உன் வீட்டைத் தரைமட்டமாக்குவேன். போனை வைக்காத. காதைத் திறந்துவச்சுக் கேளு!”

சுத்தியலை ஓங்கி அடித்தார். பெட்டி சிதறி, ஒரு கண்ணாடிச் சில்லு உள்ளங்கையில் ஏறியது. அதைப் பிடுங்கிப் போடக்கூட அவருக்குப் பொறுமையில்லை. அடுத்த அடியில் கல் இரண்டாகப் போனது.

கல்லாக இருந்தால் பிளந்த இடம் பளிச்சென்று நிற்கும். இது பொலபொலவென்று உதிர்ந்தது. மேஸ்திரி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். முப்பது வருஷமாகக் கலவை பார்த்த விரல். சலிக்காத மணல், ஒரு செங்கல் சில்லு, பேருக்குக் கொஞ்சம் சிமென்ட், மேலே பூசின பொன்னிறப் பெயிண்ட். வேலைக்கு வருகிற எந்தச் சித்தாளிடம் நீட்டியிருந்தாலும் மோந்து பார்த்தே சொல்லியிருப்பாள். மேஸ்திரிக்குத்தான் தெரியவில்லை, ஆசை கண்ணை மறைத்துவிட்டது!

“ஹலோ… இருக்கேன்… இருக்கேம்மா… கலவை. வெறும் கலவை. என்கிட்டயே… கலவையைக் காட்டி என்னையே ஏமாத்திட்டானுங்களே, பாவிங்க!… அய்யய்யோ, லாரி! தங்கச்சி, எங்க இருக்க நீ, ஆபீஸா, வீடா?… வீட்லயா? கூட யாரு?… பாப்பாவா? மணல் குவியல்ல வீடு கட்டி வெளையாடுமே, அதுவா?… போலீஸுக்குச் சொல்லிட்டியா?… சரி, சரி, அவங்க வரட்டும்… என்ன சத்தம் அது? வந்துட்டானுங்களா?… போனை ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல்கிட்ட பிடி… டேய்! மேஸ்திரி பேசுறேன்டா! கல்லு பொய்டா! திரும்பி வாங்கடா டேய்!”

இருபது பேர் கூச்சலில் ஒரு போன் எம்மாத்திரம்? விடிந்ததிலிருந்து அவர்களுக்கு வெறி ஏற்றிவிட்டதே இவர் வாய்தான். முதல் ஜன்னல் உடைந்தது இவர் காதுக்குள்ளேயே உடைந்த மாதிரி கேட்டது. பின்னாலேயே குழந்தை வீறிட்டது.

“பட்டுச்சா? யாருக்கு?… உனக்கா?… ரத்தத்தை அப்புறம் பாரு, பாப்பாவைத் தூக்கிக்கோ. முன்கதவை நம்பி நிக்காத… தேக்குதாம்மா, கதவு நல்ல கதவுதான். நிலையைச் சுவரோட பிடிக்க ஆறு இரும்பு போடணும், நான் ரெண்டுதான் போட்டேன்… ஆமா, ஆறுக்குத்தான் காசு வாங்கினேன். அப்புறம் நிக்கவச்சுத் திட்டு, இப்ப சமையலறைக்கு ஓடு!… ஜன்னல் வேணாம், அந்தக் கம்பி மட்டும் நல்ல கம்பி. பின்கதவு இருந்துச்சே, திருடன் பயம்னு அடைக்கச் சொன்னியே… தெரியும், அங்க சுவருதான் இருக்கு. அந்தச் சுவரை ஒதை!”

செங்கல் சுவர் உதைத்தால் எப்படி விழும் என்று எதிர்முனையில் அவள் கேட்டாள். தன் கையால் எழுப்பின சுவர் ஒன்றுகூட விழுந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் மார்தட்டுகிற மனிதர். அந்த மார்பிலேயே ஓங்கிக் குத்திக்கொண்டார்.

“ஒதைம்மா! ஒரு சட்டி சிமென்ட்டுக்கு நாலு சட்டி மணல்னு உன்கிட்ட சொன்னேன். பன்னெண்டு போட்டேன்! மிச்ச மூட்டையை வித்துத்தான் இந்தக் கம்பெனியில மொதல் பங்கே வாங்கினேன், போதுமா? பூச்சு மட்டும்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது… அடியில ஒதைக்காத, இடுப்பு ஒசரத்துல… காலி சிலிண்டர் இருக்கா? தூக்கி இடி! இன்னொரு தடவை!… விழும். விழும்மா. கட்டினவன் சொல்றேன், விழும்!”

போனுக்குள் இரண்டு இடி கேட்டது. வாசலில் அவர் ஆட்களின் கடப்பாறை, அடுப்படியில் அவள் சிலிண்டர். மேஸ்திரி மாவுக்கட்டுக் காலை மறந்து எழுந்து, தடுமாறி, மூட்டைகளின் மேல் குப்புற விழுந்தார். போனை மட்டும் விடவில்லை. தான் கட்டினது இடியட்டும், இடியட்டும் என்று வாய்விட்டு அழுதார்.

பெரிய சத்தமாக ஒன்று கேட்டது. செங்கல் சரிகிற சத்தம்.

“விழுந்துச்சா?… எது? முன்னாலயா, பின்னாலயா?… பாப்பா ஏன் அழுகையை நிறுத்திடுச்சு?… தங்கச்சி, எது விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லு… ஹலோ… டேய், அது யாருடா பேசுறது?… ஹலோ… ஹலோ…”

இணைப்பு அறுந்துவிட்டது.