மாடி எவ்வளவு வேணா கட்டுங்க

ஹலோ... ஹலோ, அக்கா! கேக்குதா?... நான்தான்... ஆமா, ஆமா, இப்பதான் முடிஞ்சுது. வாடகை கோர்ட்டு வாசல்லதான் நிக்கறேன். நிக்கறேன்னா சொன்னேன்? காலு தரையில பாவவே மாட்டேங்குது... ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா! ஜெயிச்சுட்டோம்!... ஜெயிச்சுட்டோம்னு சொல்றேன்!... மன்னிச்சுக்கோங்க சார், கத்திட்டேன்... உன்னை இல்லக்கா, இங்க வாட்ச்மேன் முறைக்கிறாரு. இரு, நடந்துக்கிட்டே பேசறேன்.

...இல்ல, இல்ல. இடிப்பாங்க, ஆனா நாங்க போக வேண்டாம்... அட, நீ குழப்பாதே, நானே அரைக் கிறுக்காட்டம் இருக்கேன். முதல்லேருந்து சொல்றேன். பழைய கட்டடம் இடியும். அந்த இடத்துல பத்து மாடி வரும். அதுல எங்க பன்னெண்டு குடித்தனத்துக்கும் முதல்ல இடம். வாடகை ஏறாது... அதேதான்! எழுத்துல கொடுத்துட்டாங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே வேற வீடு, அதுவும் ஓனர் பொறுப்பு... அவர் மூஞ்சியா? விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருந்துச்சு!

...அதை ஏன் கேக்கறே. காலையில தோத்தோம்னே நினைச்சேன். ஓனரோட வக்கீல் எழுந்து, "ஒரு மாசமா அந்தக் கட்டடத்துல தண்ணி இல்ல, குழாயெல்லாம் துருப்பிடிச்சு ஓட்டை, மனுஷங்க குடியிருக்கவே லாயக்கில்ல, அப்படிப்பட்ட வீட்டுல இருந்தவங்களுக்குத் திரும்ப இடம் தரணும்னு சட்டத்துல இல்ல"ங்கறாரு... ஆமாக்கா, தண்ணி வரலேங்கறது நிஜம்தானே! குடம் தூக்கித் தூக்கி எனக்கே தோள்பட்டை கழண்டு போச்சு. என்னத்தச் சொல்றது?

அப்ப எழுந்தாரு பாரு, எங்க கீழ்வீட்டுப் பிளம்பர்... அவரேதான். ஓனரோட ஒற்றன்னு உன்கிட்ட வண்டி வண்டியாத் திட்டினேனே, அதே ஆளு! "குழாயில ஒரு பழுதும் இல்லம்மா. தெருவுல இருக்கற தண்ணி வால்வை நான்தான் மூடினேன். ஓனர் மூடச் சொன்னாரு"ன்னாரு. பையிலேருந்து வால்வு சாவியை எடுத்து மேசையில வெச்சாரு... டங்குனு!... ஆமா, நீதிபதியம்மாவும் அதையேதான் கேட்டாங்க, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு. "அவரோட கட்டடங்கள்லதான் என் பொழைப்பும்மா. ஆனா என் பொண்ணும் ஒரு மாசமா குடம் தூக்கறா"ன்னாரு.

...வேலை போகத்தான் போகும். அதான் வெளிய வந்ததுமே எல்லாரும் சேர்ந்து சொல்லிட்டோம், தெரிஞ்சவங்க வீட்டு வேலையெல்லாம் இனிமே அவருக்குத்தான்னு. உன் வீட்டு மோட்டார் கூட ஒழுகுதுன்னியே?... அனுப்பறேன், அனுப்பறேன்.

...நான் பேசாம இருப்பேனா? உயரமான கட்டடம் வர்றதுல உங்களுக்கு ஆட்சேபணையான்னு நீதிபதியம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "மாடி எவ்வளவு வேணா கட்டுங்கம்மா! ஸ்டேஷன் பக்கத்து இடம், இன்னும் நாலு குடும்பம் வந்து நல்லா இருக்கட்டும். ஆளு கூடினா ரயிலும் கூடுதலா விடுவாங்க, எனக்கும் தையல் நிறைய வரும். எங்களை வெளிய தள்ளிட்டுக் கட்டாதீங்க, அவ்வளவுதான்"னேன்... கை தட்டினாங்கக்கா! சத்தியமா!... போக்கா, பேச்சாளராம். மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை இது.

...அக்கா?... லைன்ல இருக்கியா?... ஏய், அழறியா?... எந்த ரூமு?... எங்களுக்கா? தோத்துட்டா வந்து இருக்கட்டும்னா?... பெயிண்ட்டே அடிச்சுட்டியா?... ஐயோ, எனக்குப் பிடிச்ச மஞ்சளா?... இல்லக்கா, உன் வீடு வேண்டாம்னா சொன்னேன்? அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி, அதுக்கப்புறம் நடை. காலையில நாலு மணிக்கு இவர் எப்படி டிப்போ போய் வண்டி எடுப்பாரு? இங்கன்னா நடந்தே போயிடுவாரே...

சரி, நீ இங்க வந்துடேன்! நிஜமாத்தான். எங்களுக்குப் போக நாப்பத்தெட்டு வீடு புதுசா வருதுக்கா. ஒரு மனு எழுதிப் போடு... லிஃப்டு பயமா? அப்ப முதல் மாடி கேளு!... ஆங், சிரிச்சுட்டே பாரு! அந்த மஞ்சள் ரூமு இருக்கட்டும், இந்த ஞாயித்துக்கிழமையே வந்து தங்கறோம்.

...இவருக்கா? இன்னும் தெரியாது. வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டாரே. அதான் பேசிக்கிட்டே அவர் வர்ற ரூட்டு ஸ்டாப்புக்கு வந்துட்டேன்... ஆமா, முதல்ல உனக்குத்தான் சொன்னேன். போட்டுக் குடுத்துடாதே!... வருது... வருதுக்கா, அவரோட பஸ்தான். கை காட்டறேன்... பார்த்துட்டாரு... ஐயோ, முகமே வெளுத்துப் போச்சு, கெட்ட சேதின்னு நினைச்சுட்டாரு பாவம்... இல்லீங்க! இல்ல! சிரிக்கறேன் பாருங்க, சிரிக்கறேன்!... வெச்சுடறேன்க்கா, கதவைத் திறந்துட்டாரு—